நடவடிக்கைக் குறிப்பு

மாலை ஆறு மணி. உறுப்பினர் எழுவரும் வந்திருந்தனர்.
இடம்: தீயணைப்பு நிலையத்தின் பின்கூடம்.
கணப்பு வேலைசெய்யவில்லை; அதை நான் எழுதவில்லை.
பொருள் ஒன்பது: புதிய பாலத்துக்குப் பணம்.

பாலம் இந்த ஆணையத்தைவிட மூத்தது.
எதிரே லாரி வந்தால்
பக்கக் கண்ணாடியை மடக்கி
மூச்சையும் கொஞ்சம் உள்ளிழுத்துக் கடக்க வேண்டும்.
நடு ஆற்றில் ஒரு தகரப் பலகை
அயோவா இங்கே முடிகிறது என்கிறது.
ஆற்றுக்கு அது தெரியாது.
போன வருடம் பொறியாளர்கள் சுத்தியலால் தட்டிக் கேட்டுவிட்டு
பதினைந்து டன்னை எட்டு டன் ஆக்கினார்கள்.
பழைய எண்ணின் மேலேயே புதிய எண்ணை ஒட்டியிருக்கிறார்கள்.
வெயில் சாயும்போது இரண்டும் தெரியும்.

பொருளாளர் ஆர்வில் ட்யாடன் கணக்கை விளக்கினார்.
பத்தில் எட்டுப் பங்கை மத்திய அரசு தரலாம்.
அந்தத் ‘தரலாம்’ என்பதை
உருளும் முட்டையை மேசையில் வைப்பதுபோல் வைத்தார்.
மீதி இரண்டு பங்கு நம்முடையது.
ஐந்து மாவட்டத்து வண்டி ஒவ்வொன்றுக்கும்
வருடம் இருபது டாலர்.
இல்லையென்றால் கடப்பவர்களே கட்டட்டும்,
ஒரு தடவைக்கு இரண்டு டாலர்.

“எங்கள் மாவட்டத்தில் ஆறே இல்லையே” என்றார்
வெண்டல் ப்ரூக்கர்.
உண்மைதான்.
அவருடைய சோயா மட்டும்
படகுத் துறைக்கு நாற்பத்தொரு மைல் சுற்றிக்கொண்டு போகிறது.

பொதுமக்கள் கருத்து. ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு சின்ன விளக்கு,
மேசையில்.

ரோவீனா ஹ்ருஷ்கா எழுந்தபோது
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
மார்ச்சில் எரிந்தது அவர் வீடு.
இந்தச் சுவருக்கு அப்பால், மெருகு குலையாமல்,
நிற்கிறதே அதே வண்டி,
பதினேழு டன்,
அன்று பாலத்தின் வாயில்வரை வந்து நின்றுவிட்டது.
“அரை மைல் தூரம். விளக்கு சுற்றுவது எனக்குத் தெரிந்தது” என்றார்.
தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.
இவர் எப்படியும் பாலத்துக்கு ஆதரவு என்று
ஒரு நிம்மதி கூடத்தில் பரவியது.

“இந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறேன்.
வர இரண்டு, போக இரண்டு, வாரம் ஆறு நாள்.
வருடக் கணக்கை நீங்களே போடுங்கள்,
உங்களிடம் திரை இருக்கிறது.”
மஞ்சள்.
“பாலம் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல
என்னைவிடத் தகுதியில்லாதவள் யார்?
அதை முழுக்க என் தலையில் கட்டாதீர்கள்.
என் மகன்”

சிவப்பு.
அவர் உட்கார்ந்தார். விளக்குக்குக் கீழ்ப்படிகிற பெண்.

ட்யாடன் கடைசியாக வாக்களித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார்,
துடைத்தது போதாததுபோல் மறுபடி கழற்றினார்.
சுங்கத்துக்கு ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று.
தினமும் கடப்பவர்களுக்குச் சலுகைச் சீட்டு பற்றித்
துணைக்குழு ஆராயும்.
தேதி சொல்லவில்லை, ஆகவே எழுதவில்லை.

என் வேலையில் எனக்குக் கருத்துக் கிடையாது.
‘திருமதி ஹ்ருஷ்கா பேசினார்’ என்பதே வழக்கமான வரி.
இன்று அதன் கீழே
‘என் மகன்’ என்று எழுதி
முற்றுப்புள்ளி வைக்காமல் விட்டேன்.
அடுத்த மாதம், திருத்தம் ஏதுமில்லை என்று
எழுவரும் கைதூக்கி ஏற்பார்கள்.
படித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதெல்லாம் சரி,
ஜனவரியில் இரண்டும் வெள்ளை.
வீடு திரும்பும்போது எனக்கு முன்னால்
ஒற்றைப் பின்விளக்கோடு அவர் கார்.
இரும்புச் சல்லடையில் சக்கரங்கள் முரலுகின்றன.
தகரப் பலகைக்கு அருகே நின்றுவிட்டார்,
எதிரே வரும் ரொட்டி வேனுக்கு வழிவிட்டு.
நானும் நின்றேன்.
அடியில் பனிப்பாளம் ஒன்று
தூணில் மோதி, சற்று யோசித்து, விலகிப் போயிற்று.
ஜன்னலை இறக்கி, கையை நீட்டி
அவர் தன் கண்ணாடியை மடக்கினார்.